ஃப்ரீசரில் வைத்த கைகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். ஒரு ஊர் அல்ல, நான் போகிற எல்லா ஊரும் அறிந்த விஷயம். குவில்ட் தைக்கச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்து, அடியில் பஞ்சு விரித்து, அதற்கும் அடியில் இன்னொரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துப் பிடித்துத் தைத்தால் போர்வை. கேட்க இவ்வளவுதான். இதற்காக வருஷத்தில் பாதி நாள் இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு ரயிலிலும் விமானத்திலும் அலைகிறேன். துணி வெட்டுகிற உருளைக் கத்தியைப் பார்த்ததும் பெட்டியைச் சோதனை போடுகிறவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். "போர்வை தைக்க எதுக்கும்மா கத்தி?" "பின்ன, பல்லால கடிச்சா கிழிப்பாங்க?" என்று கேட்கப் போய் ஒருமுறை விமானத்தையே கோட்டை விட்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஃபோனில் சொல்வார்: "ஊருக்கெல்லாம் போர்வை. நம்ம வீட்லதான் போத்திக்க ஆளில்ல."

அன்று வகுப்பு ஒரு நூலகத்துக்குப் பின்னால் இருந்த கூடத்தில். நீளமான மேஜைகள், ஆட்டம் காணும் நாற்காலிகள், ஓரத்தில் இஸ்திரி போட ஒரு பலகை. பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர். ஊசி குத்துவதற்கு முன் துணியிடம் "வலிக்காது, வலிக்காது" என்று சொல்லும் ரகம். அவருக்குப் பக்கத்தில் டிரைவரம்மா. பஸ் ஓட்டுகிறவர், என் வயதுதான் இருக்கும். பெரிய உடம்பு, பெரிய குரல். ஆனால் பையிலிருந்து ஆறு வெள்ளைத் துணிகளை எடுத்தபோது மட்டும் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் எடுத்தார்.

ஒவ்வொரு துணியிலும் ஒரு கை. விரலை விரித்து வைக்கச் சொல்லி, சுற்றிலும் நீலப் பேனாவால் வரைந்த கோடு.

"எங்க வீட்டு ஆளுங்க டீச்சர். எல்லாம் இடது கை. வலது கைய நீட்டச் சொன்னா அதுல ஃபோன் இருக்கும்" என்று சிரித்தார். "இந்தக் கோட்டு மேல நூல் ஓட்டணும். அப்புறம் ஆறையும் சேத்து ஒரே போர்வை."

நன்றாக இருக்கிறது என்றேன். நான் அப்படிச் சுலபத்தில் சொல்லிவிட மாட்டேன்.

பிறகு வழக்கமான கூத்து. ஒருத்தர் கோணலாக வெட்டினார், ஒருத்தர் துணியோடு மேஜை விரிப்பையும் சேர்த்துத் தைத்தார். நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். சுருக்கத்தோடு ஒரு துணியும் என் கண்ணில் படக்கூடாது என்பது என் வகுப்பின் முதல் சட்டம். அதற்குப் பணிந்து டிரைவரம்மா தன் துணிகளை இஸ்திரிப் பலகைக்கு எடுத்துப் போனார். ஆறையும் அடுக்கி, நன்றாகச் சூடேற்றி, ஒரே அழுத்தாக அழுத்தினார்.

"டீச்சர்" என்று கூப்பிட்டார். அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை. "கோட்டக் காணோம்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆறு துணியும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"எந்தப் பேனால வரஞ்சீங்க?"

பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இது வெட்டறதுக்குக் குறி போடற பேனாம்மா! சூடு பட்டா மறையணும்னே செஞ்சது! வாங்கறப்ப ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"துணியில எழுதற பேனா குடுங்கன்னுதான் கேட்டேன். இதத்தான் குடுத்தாங்க."

பல் டாக்டர் நல்ல மனதோடுதான் சொன்னார். "அதனால என்ன? வீட்டுக்குப் போய் எல்லார் கையையும் மறுபடி வரஞ்சா ஆச்சு."

"அஞ்சு பேருக்கு வரையலாம் சார்" என்றார் டிரைவரம்மா. "என் தம்பிக்கு எங்க போய் வரைவேன்?"

கூடத்தில் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. டிரைவரம்மா நாற்காலியில் உட்காரவில்லை, பலகையைப் பிடித்துக்கொண்டே நின்றார். அம்மா போனபின் அந்தத் தம்பியை வளர்த்தது இவர்தானாம். தச்சு வேலை பார்த்தவன். கல்யாணம் செய்துகொள்ளாமல் அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டான். சிறுநீரகம் கெட்டுப் படுத்தபோதுதான் இந்தக் கை வரைகிற யோசனையே இவருக்கு வந்திருக்கிறது. அவனுக்காக என்று சொன்னால் அவன் பயந்துவிடுவான் என்று வீட்டில் எல்லாருக்குமாக வரைந்திருக்கிறார். அவன் போய் ஒரு வருஷம் ஆகிறது. இவ்வளவு நாள் அந்தத் துணியைத் தொட மனசு வராமல், இப்போதுதான் துணிந்து எடுத்து வந்திருக்கிறார்.

"இத்தன நாள் பத்திரமா வச்சிருந்து, நானே அழிச்சிட்டேன் டீச்சர்."

நான் கத்திய கத்து எனக்கே காதில் திரும்ப ஒலித்தது. வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனால் அந்தப் பேனாவின் குணம் எனக்குத் தெரியும். ஒருமுறை கடுங்குளிரில் என் குவில்ட் ஒன்றைக் கண்காட்சிக்கு அனுப்பிவைத்தேன். அங்கே பிரித்துப் பார்த்தால், மறைந்த குறியெல்லாம் எழுந்து வந்து பல்லைக் காட்டியது. சூட்டில் போகிற மை கடுங்குளிரில் திரும்பி வரும். அன்று அந்தப் பேனா செய்தவனை நான் திட்டாத திட்டில்லை.

"ஐஸ் பெட்டி எங்க இருக்கு இங்க?" என்றேன்.

சமையலறையில் ஒரு பெரிய ஃப்ரீசர் இருந்தது. அதற்கு முன்னால் கூடத்தின் சாவிக்காரர் இருந்தார். "அது பக்கத்து மைதானத்துல வெளயாடற பசங்களுக்கு அடிபட்டா ஒத்தடம் குடுக்க ஐஸ் வைக்கறது. துணிமணியெல்லாம் வைக்கக் கூடாதும்மா. ரூல்ஸ்."

"இது துணி இல்லண்ணே. கை."

மனிதர் திருதிருவென்று விழித்தார். பின்னால் நின்ற டிரைவரம்மாவின் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, ஐஸ் பைகளை ஒதுக்கி இடம் செய்தார். துணிகளில் ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு உள்ளே வைத்தேன்.

"வந்துடுமா டீச்சர்?"

"தெரியலம்மா. பழைய மை. நீராவி வேற பட்டிருக்கு. வரும்னு சொல்லிட்டு வரலன்னா உங்க மூஞ்சிய என்னால பாக்க முடியாது."

சொல்லிக்கொடுக்க எவ்வளவோ இருந்தது. எதுவும் ஓடவில்லை. வகுப்பே சமையலறை வாசலில் கூடி நின்றது. சாவிக்காரர் எல்லாருக்கும் டீ போட்டார். யாராவது ஃப்ரீசர் பக்கம் கையைக் கொண்டுபோனால், "தொறக்காதீங்க, குளுரு போயிடும்" என்று என்னைவிட அதிகமாக அதட்டினார்.

கடைசியில் நான்தான் திறந்தேன். முதல் உறையைப் பிரித்தேன். சன்னமாக, ஆனால் முழுசாக, நீலக் கோடு. மோதிர விரல் மட்டும் பாதியில் நின்றிருந்தது.

"அவன்தான்!" டிரைவரம்மா வீறிட்டார். "ரம்பத்துல போன விரல்! அவனேதான் டீச்சர்!" பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரோ கை தட்டினார்கள். எனக்கு மலையை இறக்கி வைத்தாற்போல இருந்தது.

மற்ற உறைகளையும் பிரித்தோம். வீட்டுக்காரர், மகன், மகள், மாமியார். கடைசியாக டிரைவரம்மாவின் கை. அதில்தான் கோளாறு. அவர் கையின் கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடு ஓடியது. கொஞ்சம் கோணல்மாணலான, பெரிய கை.

"இது ஏது? நான் ஒரு தடவதான் வரஞ்சேன்" என்று குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பெரிய கையிலும் மோதிர விரல் பாதியில் நின்றது.

அக்கா கையின் மேல் தன் இடது கையைப் பதித்து வைத்து, வலது கையால் தானே சுற்றி வரைந்திருக்கிறான். யாரும் வீட்டில் இல்லாத நேரமாக இருக்க வேண்டும்.

"அப்ப ஏன் எங்கண்ணுல படல?"

"பேனா வால்ல ரப்பர் இருக்கில்ல, அதால தேச்சாலும் அந்தச் சூட்டுல மறஞ்சிடும். அழிச்சிருக்கான்மா."

"ஏன் அழிக்கணும்? நான் திட்டுவேன்னா?"

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. "திட்டியிருக்க மாட்டீங்களா?"

"திட்டியிருப்பேன்" என்றார். "துணியப் பாழாக்கிட்டியேடா படுபாவின்னு வீட்டையே ரெண்டாக்கியிருப்பேன்." சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "போறவன் என் கைய ஒரு தடவ புடிச்சுப் பாத்திருக்கான் டீச்சர். அதுக்குக்கூட எனக்குப் பயந்திருக்கான்."

"பயந்தா அழிச்சான்? உங்க துணி கெடக் கூடாதுன்னு அழிச்சான்" என்றேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவில்லை.

மறுபடி சூடு பட்டு மை போவதற்குள் நூல் ஓட்டிவிட வேண்டும். இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அவரை ஜன்னல் ஓரமாக உட்காரவைத்தேன். நீல நூலைக் கோத்துக் கொடுத்தேன். எல்லாக் கையையும் விட்டுவிட்டு அந்தக் கடைசித் துணியை எடுத்தார். ஊசியை வெளிக் கோட்டில், அவன் வரைந்த கோணல் கோட்டில் இறக்கினார்.

"உங்க கோடு உள்ள இருக்கே, அத முதல்ல முடிச்சா பிசகாது" என்று வாத்தியார் புத்தியில் சொன்னேன்.

"என் கை எங்க போகுது டீச்சர், இங்கதான இருக்கு" என்றார். "அவன் முதல்ல வரட்டும்."