மூங்கில் துறையில் ஒரு குரல்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவன் ஷெங்லின். யாங்ஜோவில், எங்கள் சந்து முனைக் கடையில், நூடுல்ஸ் ஆறிப்போவதையும் பாராமல் சொன்னான். மனைவியைச் சந்தேகிக்கிறவன் சொல்லும் கதையை எவ்வளவு நம்பலாம்? பாதி நம்பித்தான் எழுதுகிறேன்.

2

மழை தூறும் மாலையில், மூங்கில் துறையில்...

(வேண்டாம். அது அவன் மனைவி யுசின் குஜெங் என்ற வாத்தியத்தின் தந்திகளில் வாசிக்கும் பாட்டு. கதை இல்லை.)

அந்தப் பாட்டில் முதலில் தூறல், பிறகு துடுப்பு, கடைசியில் அக்கரை மங்கி மறையும். கண்ணை மூடினால் ஈர மூங்கில் வாசமே வரும். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறான். இந்த வசந்தத்தில்தான் துடுப்புக்கு நடுவே புதிதாக ஒன்று நுழைந்தது. தந்தியை இடக்கையால் அழுத்தி இழுத்த ஓர் இழைவு. அக்கரையிலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல.

“அது என்ன?”

“எது?”

“நடுவுல ஒருத்தன் கூப்பிடுறானே.”

“விரல் வழுக்கிடுச்சுப்பா. உனக்கு எல்லாமே ஆம்பளைக் குரலாத்தான் கேக்குமா?”

மறுநாளும் அதே இடத்தில் விரல் வழுக்கியது.

3

சனிக்கிழமை பாடம் சொல்லித்தரப் போவதாகக் கிளம்பினாள். வாடகைக் காரில் பின்தொடர்ந்தான். அவள் இறங்கியது கால்வாய்க் கரையில். மூங்கிலும் இல்லை, துறையும் இல்லை, சிமெண்ட் பாலம்தான். அதன் கீழே ஒருவன் வாத்துகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அதே இழைவு. படியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள் யுசின்.

(அந்த ஆளுக்கு எழுபது வயது என்று எழுதினால் நீங்கள் நிம்மதியாகிவிடுவீர்கள். முப்பது என்று எழுதினால் தீர்ப்பே சொல்லிவிடுவீர்கள். இரண்டையும் எழுதி அடித்துவிட்டேன். ஷெங்லினும் வயதைச் சொல்லவில்லை என்பதுதான் உறுத்துகிறது.)

“பாடம் இங்கயா நடக்குது?”

“ஆமா. எனக்குத்தான் பாடம்.”

“அவன் பேரு என்ன?”

“வாத்துங்களக் கேளு.”

“அப்புறம் எதுக்குப் பொய் சொன்ன?”

“வாத்துக்காரன் கத்துறதக் கேக்கப் போறேன்னா ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சிருப்ப.”

4

அன்று மாலை அந்த இழைவு இல்லாமல் வாசிக்கச் சொன்னான். பிசகாமல் வாசித்தாள். தூறல் வந்தது, துடுப்பும் வந்தது. ஆனால் தோணியில் யாருமே இல்லை என்று அவனுக்குத் தோன்றியது.

5

முடிவு: அவன் அவளிடம் மன்னிப்புக் கே

(பொய். அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை.)

இன்னொரு முடிவு: வாத்துக்காரன் ஒருநாள் அவளைப் பேர் சொல்லிக் கூ

(இதற்கு ஆதாரம் இல்லை. இருந்தும் அடிக்கக் கை வரவில்லை.)

நடந்தது இவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை யுசின் வாசலில் நின்று, “நீயும் வர்றியா?” என்றாள். கள்ளமில்லாதவளும் அப்படித்தான் கேட்பாள்; கெட்டிக்காரியும் அப்படித்தான் கேட்பாள். ஷெங்லின் ஒரு காலில் மட்டும் ஷூவை மாட்டிக்கொண்டு நின்றான். இன்னொன்றையும் மாட்டுவதா, மாட்டியதைக் கழற்றுவதா? அதை அவன் என்னிடம் சொல்லவில்லை. உங்களிடம் விடுகிறேன்.

சீக்கிரம் சொல்லுங்கள். அவள் படியிறங்கத் தொடங்கிவிட்டாள்.