மூக்கையாவுக்காக ஒரு குதிரைப் படம்

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், கடலாடி வட்டாரத்தின் ஒரே உலக சினிமா ரசனை மன்றம் தன் உறுப்பினர்களில் சரிபாதியை இழந்துவிட்டது. மன்றத்தில் இருந்ததே இரண்டு பேர். தலைவர் கூத்தையா, மற்றவர், செத்துப்போன மூக்கையா.

ஹாலிவுட் பேசத் தொடங்கிய புதிதில், கையில் காசில்லாதவர்கள் அவசரமாக எடுத்துத் தள்ளிய குதிரைப் படங்கள்தான் மன்றத்தின் உயிர்மூச்சு. ஒரே பாறையைக் குதிரை நாலு தடவை சுற்றும். அதையே நாலு ஊர் என்பார்கள். அந்த ஏழ்மையின் அழகைக் கூத்தையா தன் வீட்டு டிவி முன்னால் காட்சி காட்சியாக விளக்குவார். “அப்படியா மச்சான்” என்பார் மூக்கையா.

அப்படிப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒருநாள்தான் வயற்காட்டுக் கிணற்றில் விழுந்தார். குடித்திருப்பார் என்று ஊர் முடிவு கட்டியது. கூத்தையாவால் அதைத் தாங்க முடியவில்லை.

கருமாதிக்கு முந்தின சாயங்காலம் பந்தலில் படம் போடுவது ஊர் வழக்கம். சனம் பேய்ப் படத்துக்குக் காத்திருந்தது. கூத்தையா குதிரைப் படத்தை ஓடவிட்டு மைக்கைப் பிடித்தார்.

“மணல்ல ஓடுனாலும் பாறையில ஓடுனாலும் குளம்புச் சத்தம் ஒண்ணுதான், ஒரே ரெக்கார்டப் போட்டு ஏமாத்துறான்னு கண்டுபிடிச்சது யாரு? மூக்கையா! குடிகாரனுக்கு வருமாய்யா இந்த நுட்பம்?”

“தலைவரே, அந்தக் குதிரைக்காச்சும் பேய் புடிக்குமா?” என்றது பின்வரிசை.

வீட்டுக்குள் மூலையில் இருந்த மூக்கையாவின் மனைவி ராமலெட்சுமி, ஆள் விட்டு அவரை உள்ளே கூப்பிட்டாள்.

“போதும்ணே. அவுக குடிக்கல. ரெண்டு கண்ணுலயும் புரை. வெளிச்சம் மட்டுந்தான் தெரியும். கால் பழக்கத்துலதான் போய்ட்டு வந்தாக. அன்னைக்குப் பாதையில கருவமுள்ள வெட்டிப் போட்ருந்தாக. குத்துனதும் வெலகி நடந்துருக்காக.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயேம்மா!”

“சொன்னா நீங்க படத்துக்குக் கூப்புட மாட்டீகளாம். மச்சான் சொல்லச் சொல்ல, உள்ளுக்குள்ள குதிர ஓடுதும்பாக.”

கூத்தையா எப்போதும் திரையைப் பார்த்தே பேசியவர். பக்கத்தில் இருந்த முகத்தை ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்த ஞாபகம் இல்லை. வாசல்வரை போய் வழியனுப்பியதும் இல்லை. அதற்குள் அடுத்த படத்தைத் தேட வேண்டியிருக்கும்.

வெளியே வந்தார். படத்தை நிறுத்திவிட்டு மைக்கை எடுத்தார்.

“மூக்கையா குடிக்கலய்யா. அவனுக்கு...”

படம் நின்றதற்குக் கூட்டம் கைதட்டியது.