மிதிபட்ட கம்பி

தம்பியின் நெற்றியில் ஒட்டியிருந்த சிமெண்டை அவள் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் சித்தப்பா தொடங்கிவிட்டார்.

“பொறந்ததுலேர்ந்தே இவனுக்கு அவசரம். டீயை ஆற விடுவானா? நாக்கைச் சுட்டுக்கிட்டு டீயைத் திட்டுவான்.”

அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. அந்த அவசரத்தின் மேல்தான் காலையிலிருந்து எல்லோரும் பழியைப் போடுகிறார்கள். கான்கிரீட் இறுகுமுன்பே பால்கனிக்கு அடியில் கொடுத்திருந்த முட்டுக்கட்டைகளை உருவி, தன் தலையிலேயே போட்டுக்கொண்டானாம். முதலில் அப்படிச் சொன்னவர் அவள் கணவர். அந்தக் கட்டடத்தின் கான்ட்ராக்டர். தம்பி அவரிடம் மேஸ்திரி.

இடிந்த கட்டடங்கள் ஏன் இடிந்தன என்று கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம். உடல் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே இடிபாட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். உடைந்த இடத்தில் ஜல்லியே பிளந்திருந்தது. கான்கிரீட் இறுகாமல் பச்சையாக இருந்திருந்தால் ஜல்லி முழுசாகக் கழன்று வந்திருக்கும். அப்புறம் கம்பி. சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனிக்குக் கம்பி மேல்பக்கம் ஓடவேண்டும். அதுதான் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும். இங்கே அடியில் படுத்துக் கிடந்தது. கான்கிரீட் கொட்டும்போது யாரோ மேலே நடந்து மிதித்திருக்கிறார்கள்.

கான்கிரீட் போட்ட அன்றைக்குத் தம்பி காய்ச்சலோடு அவள் வீட்டில் சுருண்டு கிடந்தான். சாயங்காலம் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்த கணவர், “மச்சான் இல்லாட்டி வேலை நின்னுடுமா? நானே கம்பி மேல ஏறி நின்னு போட வெச்சேன்” என்று பீற்றிக்கொண்டார். தம்பி போர்வைக்குள்ளிருந்து சிரித்தான்.

தம்பியின் மனைவி அருகில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“அண்ணி, நிஜமாவே அவசரப்பட்டுட்டாரா?”

வாயைத் திறக்குமுன் கணவர் அவளைச் சமையலறைக்கு அழைத்தார்.

“போலீஸ் வர்றாங்க. அவன் அவசரத்துல எடுத்துட்டான்னு நீ சொன்னா மறுபேச்சு இருக்காது. அவன் போயிட்டான். நான் உள்ள போனா நம்ம பொண்ணு கதி?”

“கம்பியைப் பார்த்தேங்க.”

எந்தக் கம்பி என்று அவர் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வாசலிலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண் எல்லோர் கையிலும் டீ கொடுத்துப் போனாள்.

“முட்டுக்கட்டையெல்லாம் எடுத்தது யாரும்மா?”

“என் தம்பிதான் சார்.”

கணவர் மூச்சு விடுவது கேட்டது. தம்பியின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

“எடுக்கவேண்டிய நாள்லதான் எடுத்தான்.”

குனிந்த தலை நிமிர்ந்தது.

“அப்புறம் எப்படி விழுந்துச்சு?”

அவள் டீயை ஒரே மூச்சில் குடித்தாள். நாக்கு பொசுங்கியது.

“கான்கிரீட் போட்ட நாள்லேர்ந்து சொல்றேன், எழுதிக்குங்க.”

கணவர் கையிலிருந்த டீயில் மெல்ல ஆடை படிந்துகொண்டிருந்தது.