முதல் இலை

முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி நாய் நிற்கிறது, தலை மட்டும் எங்கள் சாப்பாட்டுக் கடைக்குள்ளே, உடம்பு முழுக்கத் தெருவிலே, தூக்கிய கால் வாசற்படிக்கு மேலே காற்றில் அப்படியே நிற்கிறது, அதை எங்கே வைக்கட்டும் என்று என்னைப் பார்க்கிறது, அது மட்டுமா, எல்லோருமே என்னைத்தான் பார்க்கிறார்கள், கல்லா மேசைக்குப் பக்கத்தில் கைகூப்பி நிற்கிற அத்தை, தோளில் துண்டோடு கொழுந்தன் சேவுகன், கடை திறக்க நேரமிருந்தும் வேடிக்கை பார்க்கவென்றே வந்து உட்கார்ந்திருக்கிற பழைய கண்டக்டர் ஆண்டியப்பன், நடுவில் கழுவித் துடைத்த தரையில் தலைவாழை இலை, அதில் ஆவி பறக்கிற சோறு, நெய், பருப்பு, இரண்டு வடை, சர்க்கரைப் பொங்கல், கூப்பிடுத்தா என்கிறாள் அத்தை, இத்தனை குழைவாக அவள் பேசி நான் கேட்டது பெண் பார்க்க வந்த அன்றைக்குத்தான், கூப்பிடு, உனக்குத்தான் அது வரும், கூப்பிடுத்தா.

எனக்குக் கூப்பிடத் தெரியும், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தால் போதும், குழாய் சொட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அதற்குக் குரல் வேண்டியதில்லை, குரல் வேண்டுமென்றால் இந்த ஊரில் நான் யாரைத்தான் கூப்பிட்டிருப்பேன், வந்த முதல் வாரமே அத்தை சொல்லிவிட்டாள், வாயில என்ன கொழுக்கட்டையாடி, ஒரு வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை வருதா பாரு, ஊமக் கோட்டானைப் புடிச்சுக் கட்டி வச்சிருக்கான் எம்மகன், கட்டிக்கொண்டவர் சிரித்தார், சிரிப்பில் கோபமில்லை, ஆடி முடிந்து என்னைக் கூட்டிவந்தார், கார்த்திகை தீபத்துக்கு அவர் இல்லை, சிங்கப்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, இந்தக் கடையில் இலை எடுத்தவர் அந்தக் கடையில் தட்டுக் கழுவுகிறார், விமான நிலையத்துக்கு நான் போகவில்லை, வேனில் இடமில்லை, பின்கட்டில் பாத்திரம் விளக்கிக்கொண்டே வேன் கிளம்புகிற சத்தத்தைக் கேட்டேன், கை நிற்கவில்லை, அண்டா பெரியது, உள்ளே குனிந்தால் என் மூச்சுச் சத்தமே எனக்குத் திரும்பிக் கேட்கும்.

பின்கட்டில்தான் நான் சாப்பிடுவது, கூட்டமெல்லாம் ஓய்ந்து, அத்தை படுத்து, சேவுகன் கடைத்தெருவுக்குப் போன பிறகு, தேய்ந்துபோன பழைய ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்து, இலை போட்டு யாரும் பரிமாறி நான் சாப்பிட்டதில்லை, வேண்டாமென்று யாரும் சொல்லவுமில்லை, அது யாருக்கும் தோன்றவில்லை, எனக்குமே தோன்றவில்லை, எச்சில் இலைகளைக் கொட்டுகிற குப்பைக் குழிக்கு அந்தப் பக்கம் சுவர் கொஞ்சம் இடிந்திருக்கும், அதில்தான் ஒருநாள் இரண்டு காதுகள் தெரிந்தன, கறுப்பென்றால் அப்படியொரு கறுப்பு, எண்ணெய் தடவின மாதிரி, ஏறி வராது, இறங்கிப் போகாது, நான் சாப்பிடுவதைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும், அந்த மரியாதை எனக்குப் பிடித்துப் போயிற்று, நாக்கை ஒட்டி எடுத்தேன், வந்தது, ஒரு உருண்டை சோற்றைக் கல்லின் காலடியில் வைத்தேன், தின்றுவிட்டு நக்கின இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது, அதற்குப் பிறகு அதனிடம்தான் பேசுவேன், பேச்சென்றால் உதடு அசைகிற அளவு, எங்கள் ஊரில் கடல் இருக்கிறது, வலை இழுக்கிறபோது காக்கா கூட்டத்தோடு நாய்களும் வரும், அங்கே நாயைக் கண்டால் கல் எடுக்க மாட்டார்கள், மீன் குடலை எறிவார்கள், எறிகிற கை எறிந்துகொண்டேயிருக்கும், இதையெல்லாம் சொல்வேன், அது ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும்.

போனில் அவரிடம் இதைச் சொன்னேனா, சொன்ன மாதிரி இருக்கிறது, கனவில் சொன்னேனோ என்னவோ, ஆனால் அவர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது, இங்க எங்க கடைக்கு எதுத்தாப்புல ஒரு காப்பிக்கடை, வாசல்ல நாய்க்குன்னு கிண்ணத்துல தண்ணி வச்சிருக்கான், ஒரு அம்மா நாயை நாக்காலில ஏத்தி உக்கார வச்சு ரொட்டி பிச்சு ஊட்டுது, யாரும் வெரட்ட மாட்டாங்களா என்றேன், வெரட்டவா, அதுக்கு வேலைக்காரன் குனிஞ்சு வணக்கம் சொல்றான், நீங்க உள்ள போயிருக்கீங்களா என்றேன், சிரித்தார், நான் எங்க போறது, அந்தக் காப்பிக்கு என் ஒரு நாள் சம்பளம் போயிரும், இங்கிருந்து கண்ணாடி வழியாப் பாக்குறதோட சரி, பிறகு அவர் பக்கம் தட்டுகள் உரசுகிற சத்தம், என் பக்கமும் அதே சத்தம், அதற்கப்புறம் ஞாயிறு தோறும் வந்த போன் அமாவாசைக்கு அமாவாசை ஆயிற்று, பிறகு அத்தைக்கு மட்டும் வரும், நல்லா இருக்கியான்னு கேட்டான் என்று அத்தை வந்து சொல்வாள், நான் தலையாட்டுவேன்.

ஒரு லாரிக்காரர்தான் நாயை முன்வாசலுக்குப் பழக்கினார், நல்ல மனிதர், மழைக்கு ஒதுங்கிச் சாப்பிட உட்கார்ந்தவர் வாசலில் நனைந்துகொண்டிருந்ததைப் பார்த்து விசிலடித்தார், வாடா, அட வாடா, அது யோசித்து யோசித்து உள்ளே வந்தது, மேசைக்கு அடியில் எலும்பைப் போட்டார், தலையைத் தடவினார், சேவுகன் முகம் சுளித்தாலும் வந்தவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஆண்டியப்பன்தான் கை கழுவ எழுந்தபோது சொன்னார், ஏப்பா, சோறு திங்கிற எடத்துல நாயைக் கொண்டாந்து நடுவீட்டுல விட்டிருக்கீங்களே, அது ஒதறுன ரோமம் சாம்பார்ல விழுந்தா யாரு பதில் சொல்றது, சின்னப் புள்ளைக வர்ற கடை, லாரிக்காரர் சொன்னார், பெரியவரே, அது தரையில திங்குது, நீங்க மேசையில திங்கிறீங்க, இதுல யாருக்கு என்ன கொறஞ்சிருச்சு, ஆண்டியப்பன் சொன்னதும் தப்பில்லை, லாரிக்காரர் சொன்னதும் தப்பில்லை, மழை விட்டதும் லாரி போய்விட்டது, மறுநாள் உச்சி வேளையில் அது தானாக உள்ளே வந்தது, நேராக அதே மேசைக்கு அடியில் போய்ப் படுத்து, அங்கே கண்ட கால்களை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தது, நேற்று கூப்பிட்ட வாசல் இன்றைக்கும் கூப்பிட்டதாகத்தானே அர்த்தம், சேவுகன் உலையிலிருந்து வடித்த கஞ்சியைச் செம்போடு வீசினான்.

அது போட்ட சத்தத்தை நான் இப்போதும் அண்டாவுக்குள் குனிந்தால் கேட்கிறேன், பல நாள் வரவில்லை, வந்தபோது முதுகில் தோல் உரிந்து ஈ மொய்த்திருந்தது, தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினேன், என் மணிக்கட்டைப் பல்லால் பிடித்தது, கடிக்கவில்லை, பிடித்தே வைத்திருந்தது, வலிக்கிறது என்று சொல்கிறது, நானும் இன்னொரு கையால் தடவிக்கொண்டே இருந்தேன், புண் ஆறியது, அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை, உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிப்போய் இருக்கிறது, அதற்குப் பிறகு அது முன்வாசல் பக்கமே போனதில்லை, இன்றுவரை.

இன்றைக்குத் தேய்பிறை அஷ்டமி, இந்த ஊர் வைரவருக்கு விசேஷம், மற்ற நாளெல்லாம் கல்லடி வாங்குகிற நாய்களுக்கு இன்று ஒருநாள் கோயில் தெருவில் வடைமாலை கிடைக்கும், நெற்றியில் குங்குமம் கிடைக்கும், எதிரே பிரியாணிக் கடை வந்ததிலிருந்து நம் கடையில் மத்தியானம் ஈ ஓட்டுகிறோம், அத்தை பூசாரியிடம் போய் அழுதாள், பூசாரி கண்ணை மூடிச் சொன்னாராம், வாகனம் பசியோட நிக்கிற வீட்டுல அடுப்பு எப்படித்தா எரியும், அஷ்டமி அன்னைக்கு முதல் இலைய வாகனத்துக்குப் போடு, கறுப்பா இருக்கணும், கட்டி இழுத்துட்டு வரக் கூடாது, தூக்கிட்டு வரக் கூடாது, தன் காலால படியேறி வந்து சாப்பிடணும், கறுப்புக்கு எங்கே போவது, தெருவில் உள்ளதெல்லாம் செவலை, சேவுகன் காலையிலிருந்து பிஸ்கட்டும் கையுமாக அலைந்தான், கிடைத்த ஒரே கறுப்பு அவன் நிழலைக் கண்டாலே ஓடியது, வாங்க சாமி, வாங்க சாமி என்று அவன் குனிந்து குனிந்து போக, ஆண்டியப்பன் விழுந்து விழுந்து சிரித்தார், ஏலேய், அன்னைக்குச் சொறிநாயி, இன்னைக்குச் சாமியாடா, முதுகுல வேற வெள்ளையா ஒரு திட்டு தெரியுதே, கறுப்புக் கணக்குல வருமா, அத்தை அவசரமாகச் சொன்னாள், அது வெள்ளை இல்லண்ணே, வெறும் தோலுதான், அந்தத் தோல் எப்படி வந்ததென்று யாரும் கேட்கவில்லை, அப்போதுதான் அத்தை பின்கட்டுக்கு வந்து என் கையைப் பிடித்தாள், இத்தனை நாளாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது, ஏத்தா, நீ அதுக்குச் சோறு வைப்பியே, வா, வந்து கூப்பிடு, உம் புருசன் பேரைச் சொல்லிக் கேக்கிறேன், இந்தக் கடை நிமிந்தா அவன் ஏன் அங்க கெடக்கான், வந்துருவான்ல.

வந்துவிடுவார், அந்த ஒரு வார்த்தைக்காக ஈரக் கையோடு முன்கட்டுக்கு வந்தேன், வாசலில் நின்று நாக்கை ஒட்டி எடுத்தேன், தெருமுனை டீக்கடை மறைவிலிருந்து வந்தது, நான் உள்ளே பின்வாங்கப் பின்வாங்க அதுவும் நெருங்கி நெருங்கி, படிக்குக் கீழே நின்றது, மூக்கு ஆடியது, நெய் மணமும் கஞ்சி மணமும் அதற்கு ஒன்றாகத்தான் வந்திருக்கும், உடம்பெல்லாம் நடுங்குகிறது, தலையை நீட்டியது, காலைத் தூக்கியது, அதைப் பார்த்துத்தான் ஆண்டியப்பன் மெல்லக் கேட்டார், ஏம்ப்பா சேவுகா, இது இப்படி ருசி கண்டுட்டு நாளைக்கும் வந்து நின்னா, சேவுகன் சிரித்தான், ஒரு நாளைக்குத்தாண்ணே, நாளைக்கு வந்தா வடிச்ச கஞ்சி இருக்குல்ல, வாயக் கழுவுடா, சாமி காரியத்துல என்ன பேச்சு என்று அத்தை அதட்டினாள், ஆனால் அப்படிச் செய்ய மாட்டோம் என்று சொல்லவில்லை.

இன்னும் ஒரே ஒரு சத்தம், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருக்கிறது, எடுத்தால் போதும், அது வந்துவிடும், வந்து சாப்பிடும், அத்தை கும்பிடுவாள், அடுப்பு எரியும், அவர் வருவார், வேனிலிருந்து இறங்குவார், நாளைக்கு உச்சி வேளையில் அதுவும் வரும், தேய்பிறை வளர்பிறை அதற்கு எங்கே தெரியும், நான் கூப்பிட்ட வாசல் என்று நம்பி வந்து படுக்கும், யார் கால் என்று நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கும், என் கால் அங்கே இருக்காது, நான் பின்கட்டில் அண்டாவுக்குள் குனிந்திருப்பேன், கூப்பிடுத்தா என்கிறாள் அத்தை, தூக்கிய கால் உள்பக்கமாக இறங்குகிறது, நகம் படியைத் தொடப்போகிறது, நான் நாக்கை எடுத்தேன்.

போ, என்றேன்.

கடை முழுக்கக் கேட்டது, ஓடு, போ, இங்க வராத, இனி வராத, எனக்கு இவ்வளவு பெரிய குரல் இருந்திருக்கிறது, எதிர்க்கடையில் கறி வெட்டுகிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார், அது என் குரலைக் கேட்டதே இல்லை, இது யார் என்று என் முகத்தில் தேடியது, உதறி ஓடியிருந்தால் தேவலை, ஓடவில்லை, காலைப் பின்னுக்கு வாங்கித் தெருவில் வைத்தது, இரண்டு காதையும் மடித்துக்கொண்டு, முதுகின் அந்த வெளிறிய இடம் தெரியத் தெரிய மெல்ல நடந்து போனது, நான் வாசலைத் தாண்டவில்லை.

அத்தை அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை, கைகூப்பினபடியே நின்று சொன்னாள், வாயத் தொறந்துட்டாடா எம் மருமக, தொறந்து என்னத்தச் சொன்னா பாரு, சேவுகன் தெருவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான், ஆண்டியப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு, வரேன்த்தா என்று எனக்குத்தான் சொல்லிவிட்டுப் போனார், இலையில் நெய் உறைய ஆரம்பித்திருந்தது, போட்ட இலையை வெறுமனே எடுத்தால் ஆகாது, வருகிறவர்களுக்குப் போடவும் முடியாது, அத்தை கல்லாவில் உட்கார்ந்தாள், என்னைப் பார்க்காமல் கையை நீட்டி இலையைக் காட்டினாள், நீயே உக்காந்து தின்னு.

உட்கார்ந்தேன், கடைக்குள்ளே, தரையில், வாசலைப் பார்த்த மாதிரி, சோற்றைப் பிசைந்து ஒரு வாய் எடுத்தேன், கை பாதி தூரம் வந்து நிற்கிறது, காற்றில் அப்படியே நிற்கிறது, இருக்கிற இரண்டு பேரும் என்னைத்தான் பார்க்கிறார்கள், படிக்கு அந்தப் பக்கம் வெயில் மட்டும் இருக்கிறது, தின்னுத்தா என்கிறாள் அத்தை, குரலில் குழைவும் இல்லை, கோபமும் இல்லை, தின்னு, ஆறுது.