பத்துக்கு ஒன்பது

வரவேற்பறை நாற்காலியில் அவள் மூன்றாவது முறையாகக் காத்திருந்தாள். பக்கத்தில் அண்ணி, கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்தபடி.

பதினான்கு வருடம் அவள் இந்தத் தொழில்நுட்பப் பத்திரிகையின் சோதனை அறையில் இருந்தாள். ஒரு பவர் பேங்க் வந்தால் முப்பது நாள் சார்ஜ் ஏற்றுவாள், இறக்குவாள், அரை மணிக்கொரு தரம் சூட்டை அளந்து நோட்டில் குறிப்பாள். அதற்குப் பிறகுதான் மதிப்பெண். கம்பெனிக்காரர்கள் தலைகீழாக நின்றாலும் அரை மார்க் கூட்டிப் போடமாட்டாள். பிறகு அச்சு நின்றது, பத்திரிகை கைமாறியது, அவளை அனுப்பிவிட்டார்கள். அவள் போன பிறகும் இணையதளத்தில் அவள் பெயரும் படமும் வாரம் ஐந்து கட்டுரை எழுதிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றை நம்பித்தான் அண்ணி பவர் பேங்க் வாங்கினாள். பத்துக்கு ஒன்பது. பதினோராம் நாள் அது கையிலேயே வெடித்தது.

மேலாளர் வந்தார். உட்காரவில்லை.

"பேரை எடுக்க முடியாது மேடம். சேரும்போதே எழுதிக் குடுத்திருக்கீங்க. பேரு, படம் எல்லாம் பத்திரிகைக்குச் சொந்தம்."

"நான் அதைத் தொட்டுக்கூடப் பாக்கலை சார். அப்போ யார் சோதிச்சது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "யாரும் இல்ல. மெஷின் எழுதுது. உங்க பேர் இருந்தா ஜனங்க நம்புறாங்க."

"எங்க வீட்டுப் பொண்ணு எழுதினதுன்னு கடைக்காரர்கிட்ட பெருமையாச் சொல்லி வாங்கினேங்க," என்றாள் அண்ணி.

மேலாளர் அண்ணியின் கைக்கட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். அவளுக்கு அழுகையைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

"வாங்க அண்ணி, போலாம்."

வாசலில் காவலாளி எழுந்து நின்றார். "நீங்கதானே அந்தம்மா? உங்க எழுத்தைப் பாத்துதான் இதை வாங்கினேன்." சட்டைப் பையில் செல்போன், அதிலிருந்து ஒயர், ஒயரின் மறுமுனையில் அதே பவர் பேங்க். துணிக்குள் பச்சை விளக்கு எரிந்தது.

"அதைக் கழட்டிடுங்கண்ணே. வெடிக்கும். இவங்க கையைப் பாருங்க. நான் அதை எழுதவே இல்லை."

"இவங்க ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டு வச்சிருப்பாங்கம்மா." செல்போனை எடுத்துத் தேடி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். அவள் படம். கீழே, 'முப்பது நாள் என் கையிலேயே வைத்துச் சோதித்தேன்.'

"பாருங்க, நீங்களே சொல்லியிருக்கீங்க," என்று சிரித்து, செல்போனையும் பவர் பேங்கோடு பைக்குள் செருகிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.