இரண்டு சனிக்கிழமைகள்

அப்பாவின் இடது கன்னத்தை மழித்து முடித்து, ரேசரைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள் ஸ்ரீலக்ஷ்மி. கட்டிலில் கிடந்த போன் அடித்தது. மணி ஆறு நாற்பது. ஆஸ்பத்திரியிலிருந்து ஹனீஃபா. இந்த வேளையில் அவர் கூப்பிட்டால் நல்ல சேதியாக இருக்காது.

“மேடம், ஒரு டிஸ்க் போச்சுன்னு மாத்திக்கினு இருந்தேன். அதுக்குள்ள இன்னொண்ணும் போச்சு. சர்வர் மொத்தமா படுத்துக்கிச்சு. லேப், பார்மஸி, வார்டு, எங்கயும் ஒண்ணும் தொறக்கல.”

“எதையும் தொடாதீங்கோ. வரேன்.”

அடையாறில் இருநூறு படுக்கைகள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் பத்தொன்பது வருஷமாக அவள்தான் சிஸ்டம் அட்மின். யாருக்கு என்ன மருந்து, யாருடைய ரத்தம் என்ன வகை, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அடித்தளத்தில் இருந்த அந்தக் குளிர் அறைக்குள் இருந்தன. அது ஓடுகிறவரை அவள் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. ஓடாதபோது மட்டும் எல்லாருக்கும் அவள் பெயர் தெரிந்திருக்கும்.

சூடாமணி அத்தைக்குப் போன் செய்தாள். இரண்டு தெரு தள்ளியிருந்த அத்தை ஈரத்தலையை முடிந்துகொண்டு கால்மணியில் வந்துவிட்டாள். அப்பாவின் வலது கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது. துண்டால் அதைத் துடைத்துவிட்டு, ஒதுக்கி வைத்திருந்த ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் சரியாகப் பொருத்தினாள்.

“அப்பா, ஆஸ்பத்திரியில சர்வர் போயிடுத்து. பத்து மணிக்குள்ள வந்துடறேன்.”

ஸ்ரீரங்கன் கண்ணைத் திறந்து பார்த்தார். நுரையீரல் இறுகிப்போய்விட்டது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் அனுப்பி ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு வார்த்தை பேசுவதற்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது அவருக்கு.

“இன்னிக்கு... போகாம... இரேன்.”

அவர் எதையும் கேட்கிற மனுஷர் இல்லை. அம்மா போன பிறகு, தண்ணீர் வேண்டும் என்றால்கூட டம்ளரை லேசாக நகர்த்தி வைப்பார், அவ்வளவுதான். ஸ்ரீலக்ஷ்மி செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி நின்றாள்.

“நான் போகலேன்னா அங்க ஒண்ணும் நடக்காதுப்பா. அத்தை இருக்கா. பத்து மணிக்கு வந்துடறேன்.”

அவர் தலையை அசைத்தார். சரி என்றா, வேண்டாம் என்றா, தெரியவில்லை. ஆட்டோ கீழே வந்துவிட்டது.

மெட்ரோ வேலைக்காக அடைத்திருந்த தகரங்களுக்கு இடையே மந்தைவெளியைத் தாண்டவே இருபது நிமிஷம் ஆயிற்று.

மருத்துவமனைக்குள் நுழைந்ததும், நர்சுகள் வெள்ளைத்தாளில் கோடு போட்டுக் கையால் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பார்மஸி முன்னால் வரிசை வாசல்வரை நின்றது. நான்காம் மாடியில் ஒரு அம்மாளை ஆபரேஷனுக்குத் தயார் செய்திருந்தார்கள். அவளுக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது. எந்த மருந்து என்று அவளுக்கே தெரியவில்லை. மேனேஜர் பிரபு படிக்கட்டிலேயே மடக்கினான்.

“எவ்ளோ நேரம் ஆகும் மேடம்? டாக்டருங்க என் கழுத்தைப் பிடிக்கிறாங்க.”

“பாத்துட்டுச் சொல்றேன்.”

குளிர் அறைக்குள் இயந்திரங்களின் இரைச்சல் காதை அடைத்தது. அங்கே போனில் சிக்னல் கிடைக்காது. ஹனீஃபா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தெட்டு வயது, அவளுடன் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்க்கிறவர். இருவரும் ஒவ்வொரு டிஸ்க்காகப் பார்த்தார்கள். பழையதைக் காப்பாற்ற வழியில்லை. பக்கத்து ரேக்கில் சும்மா நின்ற சர்வரைப் புதிதாகத் தயார் செய்து, நேற்றிரவு நகலெடுத்து வைத்த பேக்கப்பை அதில் இறக்க வேண்டும். மூன்று மணி நேர வேலை. பத்து மணி பதினொன்றாகும், அப்பா பொறுத்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டாள்.

நேற்றிரவுப் பேக்கப்பைத் திறந்தாள். பெயர் இருந்தது, தேதி இருந்தது. உள்ளே பாதிக்குமேல் ஒன்றும் இல்லை. முந்தாநாளுடையதும் அப்படியே. அதற்கு முந்தைய நாள், அதற்கும் முந்தைய நாள். பேக்கப் போய்ச் சேரும் இடம் நிரம்பிவிட்டிருந்தது. பாதியில் நின்றுபோனதை முடிந்ததாக எடுத்துக்கொண்டு, தினமும் காலையில் ‘வெற்றி’ என்று மெயில் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது பேக்கப் எடுக்கும் சாஃப்ட்வேர். அவளும் அந்த மெயிலைத் தினமும் பார்த்திருக்கிறாள்.

பன்னிரண்டு நாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமைப் பேக்கப்தான் முழுசாகத் திறந்தது.

“இன்னா மேடம், எந்தத் தேதி தொறந்துச்சு?” என்றார் ஹனீஃபா.

அவள் தேதியைச் சொன்னாள். அவர் விரல்விட்டு எண்ணினார். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

மெயிலை நம்பக் கூடாது என்று அந்த இடத்தில் விதி வைத்தவளே அவள்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் இறக்கி, திறக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு நோட்டில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அரைமணி நேர வேலை. எத்தனையோ வருஷமாக ஒரு வாரம்கூட விட்டதில்லை. போன சனிக்கு முந்தைய சனி, விடிகாலையில் அப்பாவுக்கு மூச்சு திணறி எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். திங்கட்கிழமை வந்து, சனிக்கிழமை தேதி போட்டு ‘சரி’ என்று எழுதினாள். போன சனி, நோட்டைத் திறந்த கையோடு அத்தையிடமிருந்து போன் வந்தது, அப்பா வாந்தி எடுத்துவிட்டார் என்று. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள். அடுத்த வாரம் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள்.

நோட்டு மேஜைமேல் இருந்தது. ஹனீஃபாவின் பார்வை அதன்மேல் போய் நின்றது. அவர் அதை எடுத்துப் பிரித்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். மூடினார். மற்ற நோட்டுகளுக்கு அடியில் செருகிவைத்துவிட்டு, “ஏத்திடலாமா மேடம்?” என்றார்.

“ஏத்துங்கோ.”

அதன்பிறகு அவள் ஒன்றையும் நினைக்கவில்லை. கை தானாக வேலை செய்தது. வெள்ளிக்கிழமைப் பேக்கப்பை இறக்கினாள். நான்காம் மாடி அம்மாள் பதினைந்து நாளாக அங்கே இருக்கிறவள் என்பதால் அவளுடைய விவரம் கிடைத்துவிட்டது. முதல் வேலையாக அதைப் பிரின்ட் எடுத்து ஹனீஃபாவிடம் கொடுத்து மாடிக்கு ஓடச் சொன்னாள். லேப் மெஷின்களின் சொந்த ஞாபகத்தில் ஆறு நாள் ரிசல்ட் தங்கியிருந்தது. அதை இழுத்துச் சேர்த்தாள். வார்டு வார்டாக இணைப்பைத் திறந்துவிட்டாள். மீதியை நர்சுகள் பழைய காகிதங்களைத் தேடிப்பிடித்து மறுபடி எழுத வேண்டும். காகிதமே இல்லாதது, இல்லாததுதான்.

வெளியே வந்தபோது மணி ஒன்று இருபது. ரிசப்ஷனில் திரைகள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. யாரோ கை தட்ட, பார்மஸிக்காரர்களும் நர்சுகளும் சேர்ந்துகொண்டார்கள். பிரபு இரண்டு கையையும் கூப்பினான். அந்தக் கைதட்டலுக்கு நடுவே அவள் கைக்குள் போன் அதிரத் தொடங்கியது. ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காமல். அத்தை ஒன்பது தடவை. கொட்டிவாக்கத்தில் இருக்கும் தம்பி சாய்நாத் ஐந்து தடவை. கடைசியாக அவனிடமிருந்து ஒரு வரி.

‘அப்பா போயிட்டார். 11.10.’

கைதட்டல் ஓய்வதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டிருந்தாள்.

வீட்டில் கட்டிலை ஓரமாகத் தள்ளி, அப்பாவைக் கூடத்தில் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் புதிதாகத் திருமண். ஒரு கன்னம் வழவழவென்றும் இன்னொரு கன்னம் நரைமுள்ளாகவும் இருந்தது. ஸ்ரீலக்ஷ்மி பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடவில்லை.

சாய்நாத் சுவரில் சாய்ந்து நின்றான். அழுது முகம் வீங்கியிருந்தது.

“எத்தனை தடவைக்கா பண்றது?”

“அங்க சிக்னல் கிடையாது.”

“ரூம்ல லேண்ட்லைன் இருக்கோன்னோ? அந்த நம்பரை அத்தைகிட்ட ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கலாமே.”

லேண்ட்லைன் இருந்தது. மேஜைமேலேயே இருந்தது.

“விடுடா,” என்றாள் அத்தை. “அவ என்ன ஊர் சுத்தவா போனா?”

சாய்நாத் வாத்யாருக்குப் போன் செய்ய வெளியே போனான். ஸ்ரீலக்ஷ்மி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அத்தை, ஏதாவது கேட்டாரா?”

“ஒண்ணும் கேக்கலடி. தூங்கிண்டே இருந்தார். துளசி தீர்த்தம் குடுத்தேன், ரெண்டு வாய் குடிச்சார். அப்புறம் பாத்தா, இல்லை. விளக்கு அணைஞ்சாப்பல. ஒரு கஷ்டம் கிடையாது.”

அத்தை அவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். சொல்லும்போதே புடவைத் தலைப்பை இழுத்து வலது கைமேல் போட்டுக்கொண்டாள். போடுவதற்குள் ஸ்ரீலக்ஷ்மி பார்த்துவிட்டாள். மணிக்கட்டில் நான்கு நகத்தடங்கள், சிவந்து கன்றிப்போய். இறுகப் பிடித்த, வெகுநேரம் விடாமல் பிடித்திருந்த ஒரு கையின் தடங்கள்.

அவள் இரண்டாவது தடவை கேட்கவில்லை.

மூன்றரை மணிக்குப் பிரபுவும் ஹனீஃபாவும் மாலையோடு வந்தார்கள். பிரபு மாலையைப் போட்டுவிட்டு, சாய்நாத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். உறவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள்.

“சார், உங்க அக்கா இல்லேன்னா இன்னிக்கு எங்க ஆஸ்பத்திரிய இழுத்து மூடியிருக்கணும். ஒரு பேஷண்ட் உயிரே பொழைச்சிருக்கு. அப்பா இந்த நெலமைல இருக்காருன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பேக்கப்பை மாத்தி மாத்திப் போட்டு, எப்படியோ கொண்டுவந்துட்டாங்க. மெயிலே பொய் சொன்னா யாரு என்ன சார் பண்ண முடியும்? இவ்ளோ பொறுப்பான ஒருத்தரை நான் பாத்ததில்ல.”

“அப்பா வளர்ப்பு அப்படி,” என்றார் ஒரு பெரியவர். நாலைந்து தலைகள் ஆடின. சாய்நாத் அக்காவைப் பார்த்தான். காலையிலிருந்து இருந்த கோபம் அவன் முகத்திலிருந்து மெல்ல இறங்குவதை அவள் பார்த்தாள். அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. எழுந்து வாசல் படிக்கட்டுக்குப் போனாள்.

ஹனீஃபா பின்னாலேயே வந்தார். செருப்பைத் தேடுகிறவர்போல் குனிந்துகொண்டு பேசினார்.

“மேடம், இந்த நேரத்துல பேசக் கூடாது. நாளைக்கு ஆடிட்டுக்கு ஆளு வராங்களாம். செக் பண்ண நோட்டைக் கேக்கறாங்க.” சுற்றுமுற்றும் பார்த்தார். “ஏசி தண்ணி ஒழுகி ஊறிப்போச்சுன்னு சொல்லிர்றேன். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அதுல இன்னா எழுதியிருக்குன்னு உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.”

உள்ளே வாத்யார் வந்துவிட்டார். சாய்நாத்தைக் குளித்துவிட்டு ஈரவேஷ்டியோடு வரச்சொல்லும் குரல் கேட்டது.

“வேண்டாம் ஹனீஃபா.”

“மேடம், வேலையே போயிரும்.”

“அப்படியே குடுத்துடுங்கோ. நாளைக்கு நானே பிரபுகிட்ட சொல்லிடறேன்.”

“எதுக்கு மேடம்? அப்பாவைப் பாத்துக்கினு இருந்தீங்க. அதுல இன்னா தப்பு?”

அவள் படிக்கட்டுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வார்த்தைக்குப் பதில் மூச்சுதான் வந்தது, திணறி, துண்டு துண்டாக. ஹனீஃபா பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப்போனார்.

ஐந்து மணிக்கு அப்பாவை எடுத்தார்கள். பெசன்ட் நகர் மயானத்துக்கு ஆண்கள் மட்டும் போனார்கள். “நானும் வரேன்” என்று சொல்ல நினைத்தாள். எந்த முகத்தோடு கேட்பது என்று தோன்றியதும் சொல்லாமல் நின்றுவிட்டாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை அத்தை அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“வா, ஆத்தை அலம்பி விடணும்.”

கூடம் முழுக்க உதிர்ந்த பூவும் துளசியும் எள்ளும் அரிசியுமாகக் கிடந்தது. அத்தை பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீரை ஊற்றினாள். ஸ்ரீலக்ஷ்மி தென்னந்துடைப்பத்தால் அதைப் பால்கனிப் பக்கம் தள்ளினாள். பால்கனி ஓரத்து ஓட்டையில் பூ அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கியது. குனிந்து விரலைவிட்டுத் தோண்டி எடுத்தாள். தேங்கியிருந்தது முழுவதும் ஒரே பாய்ச்சலாக வெளியே கொட்டியது.

“யாருப்பா மேலேர்ந்து தண்ணி ஊத்தறது?” கீழேயிருந்து ஒரு குரல் கத்தியது. “வண்டி நிக்கறது கண்ணுக்குத் தெரியல?”

பக்கத்தில் யாரோ தாழ்ந்த குரலில் அவனிடம் ஏதோ சொன்னார்கள். பேச்சு சட்டென்று நின்றது. பிறகு ஸ்கூட்டரின் ஸ்டாண்டை எடுக்கும் சத்தமும், அதை மெதுவாக உருட்டித் தள்ளி நிறுத்தும் சத்தமும் கேட்டன.

அத்தை அடுத்த பக்கெட்டோடு உள்ளே நின்றாள். ஸ்ரீலக்ஷ்மி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூடத்தின் மறுகோடிக்குப் போனாள்.