புல்டோசரின் மேல் ஒரு தூக்குவாளி

1

இந்தக் கதை பஸ் ஜன்னலில் கிடைத்தது. பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. நெய்வேலியிலிருந்து சேத்தியாத்தோப்புக்குப் போகிற பஸ், மந்தாரக்குப்பம் தாண்டி டயர் பஞ்சராகி ஓரங்கட்டியது. எதிரே ஒரு காலிமனையில் பழைய மஞ்சள் புல்டோசர் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் ஓடியது, வண்டி நகரவில்லை. ஓட்டுகிற இடத்தில் புடவை கட்டிய ஒரு அம்மா உட்கார்ந்து, தூக்குவாளியிலிருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டயர் மாற்றி பஸ் கிளம்பும்வரை அவர் இறங்கவில்லை. எஞ்சினையும் அணைக்கவில்லை.

“பைத்தியமா இருக்கும்” என்றார் பக்கத்து இருக்கைக்காரர். அவரை நம்பி நானும் ஜன்னலை மூடியிருந்தால் உங்களுக்கும் எனக்கும் நேரம் மிச்சமாகியிருக்கும்.

அந்த அம்மா ஏன் அங்கே உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம், பெயர்கள் உட்பட, என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘உறைபனி விலகாத அந்தக் காலையில், காயம்பட்ட இரும்பு மிருகம் தன் கடைசி மூச்சை—’

இடம் நெய்வேலி, மாதம் மே, அதில் உறைபனி. மொழிபெயர்ப்பு நாவல்களை நூலகத்திலிருந்து மூட்டையாக அள்ளிவந்து படித்தால் வருகிற வியாதி இது. அவற்றில் இயந்திரம் என்று ஒன்று வந்தால் பின்னாலேயே பனி வரும், பனிக்குப் பின்னால் தனிமை வரும். ஆள் யாராக இருந்தாலும் நாலு பக்கத்துக்கு ஒருமுறை தோள்களைக் குலுக்குவார்.

இரண்டாவது தொடக்கம்: ‘ராஜாங்கம் தோள்களைக் குலுக்கி—’

அங்கேயே நிறுத்தினேன். எங்கள் பக்கம் தோளைக் குலுக்குகிறவரைப் பார்த்தால் சாமி வந்துவிட்டது என்று யாராவது கற்பூரம் தேடி ஓடுவார்கள். ராஜாங்கம் பதில் தெரியாதபோது பிடரியைச் சொறிகிறவர்.

ஆகவே மூன்றாவது:

ராஜாங்கம் பிடரியைச் சொறிந்தார். அவருக்கு முன்னால் புல்டோசர் நின்றது. பின்னால் அவர் மனைவி அமிர்தம் நின்றாள். இரண்டுமே அவர் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை.

3

ராஜாங்கம் நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் டோசர் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பெர்மனென்ட். அந்த வார்த்தையைப் பெயருக்கு முன்னால் இனிஷியல்போலப் போட்டுக்கொள்ளாததுதான் குறை. குவார்ட்டர்ஸைக் காலி செய்த கையோடு, சொந்தமாக ஒரு டோசர் வாங்கி நிலம் சமன்செய்கிற வேலைக்கு விடப்போவதாக அறிவித்தார்.

அதற்காக விற்றது அமிர்தத்தின் வயலை. சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றுத் தண்ணீர் பாய்கிற வயல் அது. அவள் அப்பா அவள் பேருக்கே எழுதிவைத்தது. கணவனை நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.

(‘நம்பி’ என்பது தவறு. அமிர்தத்தை நான் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. அவள் நம்பவில்லை. போடாவிட்டால் ‘அன்னிக்கு மட்டும் நீ வுட்டிருந்தா’ என்பதை ஆயுசு பூராவும் கேட்கவேண்டுமே என்ற சலிப்பில் போட்டாள். நம்பிக்கை என்று எழுதுவது சுலபம், அதனால்தான் கை அங்கே போனது.)

வண்டியை ஒரு கான்ட்ராக்டர் ஏலம்விட்டபோது எடுத்தார். விற்றவரின் ஆள் முந்தின நாள் ட்ரெய்லரில் இந்தக் காலிமனைக்குக் கொண்டுவந்து, தானே ஓட்டி இறக்கி, அணைத்துவிட்டுப் போனான். ராஜாங்கம் அந்த நேரம் பார்த்து டீ வாங்கப் போயிருந்தார். இயக்குவது எப்படி என்று புத்தகம் ஏதாவது உண்டா என அமிர்தம் கேட்டதற்கு அந்த ஆள், “வண்டியே முழுசா வந்ததுக்கு சந்தோசப்படும்மா” என்றான். டாஷ்போர்டில் எழுத்துகள் எல்லாம் அழிந்துபோயிருந்தன.

கம்மாபுரத்துப் பக்கம் பெரிய விவசாயி தெய்வசிகாமணி இன்று மதியத்துக்குள் வந்து, வண்டி ஓடுகிறதா என்று பார்ப்பார். ஓடினால் அவருடைய நிலம் முழுக்க ராஜாங்கத்துக்கு. ஓடாவிட்டால் வேறு ஆளைக் கூப்பிடுவார், ஊரெல்லாம் அதைச் சொல்லவும் செய்வார். அப்புறம் யாரும் கூப்பிடமாட்டார்கள். நெல் விளைந்த மண்ணைக் கொடுத்து வாங்கியது பேரீச்சம்பழத்துக்குப் போடுகிற இரும்பாகிவிடும்.

4

அமிர்தத்தின் தம்பி செல்வகுமார் லாரி ஓட்டுகிறவன். டோசரின் பேட்டரி செத்துக் கிடந்ததால் தன் லாரியைப் பக்கத்தில் நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து வயர் போட்டுக் கொடுத்திருந்தான்.

ராஜாங்கம் சாவியைத் திருகினார். கர், கர், கர் என்று சுற்றியது. பிடிக்கவில்லை.

“இன்னா மாமா, கிரைண்டர் மாதிரி சுத்திகினே இருக்குது. மாவு எப்ப வரும்?”

“சும்மா இர்றா. பழைய வண்டி, சூடாவணும்.”

“இன்னும் சூடாவணுமா? பானெட் மேல தோசை ஊத்தலாம் மாமா.”

செல்வகுமார் போனில் தேடினான். இதே ஜாதி வண்டியை ஒரு வெள்ளைக்காரர் ஸ்டார்ட் செய்கிற வீடியோ கிடைத்தது. அவர் முட்டிவரை பனியில் நின்றுகொண்டிருந்தார்.* சாவியின்மேல் கை வைத்ததும் வீடியோ உறைந்து, நடுவில் வட்டம் சுற்றியது.

“அதுவும் சுத்துதுடா” என்றாள் அமிர்தம்.

(* பனி என்னை விடுவதாக இல்லை.)

அவள் புடவைத் தலைப்பை முக்காடாக இழுத்துக்கொண்டு வண்டிக்குக் கிட்டே வந்தாள்.

“ஏங்க, மைன்ஸ்ல தெனம் எப்படி ஸ்டார்ட் பண்ணுவீங்க? அதே மாதிரி பண்ணுங்களேன்.”

ராஜாங்கம் பிடரியைச் சொறிந்தார்.

5

“நான் போவசொல்ல ஓடிகினு இருக்கும்” என்றார் ராஜாங்கம்.

“வரசொல்ல?”

“வரசொல்லவும் ஓடிகினு இருக்கும். அடுத்த ஷிப்டு ஆளு ஏறுவான், நான் எறங்குவேன். ஓடற வண்டிய ஆளில்லாம வுடக்கூடாது.”

“ரிப்பேரு ஆனா?”

“மெக்கானிக்கல் ஆளுங்க வருவாங்க. பாத்து, எடுத்து, ஓடவுட்டுக் குடுப்பாங்க.”

“அப்ப நீங்க?”

“அது என் வேலை கெடையாது அமிர்தம்.”

செல்வகுமார் லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு தாங்காமல் தொடையில் அடித்துக்கொண்டான்.

“அப்ப சர்வீஸ் பூரா ஒரு தபாகூட ஸ்டார்ட் பண்ணதில்லையா மாமா? இதுல ‘டோசர் என் கையில பொறந்தது’ன்னு அக்காகிட்ட பேச்சு வேற!”

அமிர்தம் சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷர் ஷிப்டு முடிந்து வருவதை அவள் போர்வீரன் திரும்புவதைப்போல வரவேற்க வேண்டியிருந்தது. வெந்நீர் வேண்டும், விசிறி வேண்டும், டிவியின் சத்தத்தைக் குறைக்க வேண்டும். ஓடுகிற வண்டியில் ஏறி, ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கி வந்ததற்கா அத்தனையும்?

“வயலு வித்த காசுல, ஓடிகினு இருக்கற வண்டியா பாத்து வாங்கியிருக்கக் கூடாதா?” என்று மட்டும் கேட்டாள்.

6

இந்த இடத்தில் ராஜாங்கத்தின் இளமைக்காலம் ஒரு பக்கத்துக்கு இருந்தது. முதல் நாள் மைன்ஸில் இறங்கிய பயம், தூசி, இருமல், எல்லாம். உங்களுக்கு அவர்மேல் இரக்கம் வரட்டும் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். வெயிலில் நிற்கிற அமிர்தத்துக்கு வராத இரக்கம், நிழலில் உட்கார்ந்து படிக்கிற உங்களுக்கு எதற்கு?

7

லாரியின் பேட்டரியும் இளைத்துக்கொண்டு வந்தது. கர், கர் என்பது கொர்... கொர்... என்று ஆனது.

“மாமா, இன்னும் ஒரு தபாதான் தாங்கும். அப்புறம் என் லாரியையும் சேத்துத் தள்ளணும்” என்றான் செல்வகுமார். அதே நேரம் தெய்வசிகாமணி போன் செய்தார். மந்தாரக்குப்பத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கிறாராம், வந்துவிடுவாராம்.

அமிர்தம் புடவையைச் செருகிக்கொண்டு, சங்கிலிப் பட்டையில் கால்வைத்து மேலே ஏறினாள். டாஷ்போர்டில் ராஜாங்கம் இழுக்காத, தள்ளாத, திருகாத பொருள் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. ஒரு சிவப்புக் குமிழ். கம்பியின் நுனியில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“இது இன்னாது?”

“அதத் தொடாத.”

“ஏன்?”

“அத இழுத்தா எஞ்சின் நின்னுடும். வேலைக்குச் சேந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க, அந்தப் பக்கமே கை போவக்கூடாதுன்னு. ஓடற வண்டி நின்னா மெமோதான்.”

“இப்ப நின்னுகினுதான இருக்குது?”

“நின்னாலும் தொடக்கூடாது.”

இங்கே எனக்கு மூன்று வழிகள் இருந்தன.

ஒன்று: அமிர்தத்துக்குத் தன் வீட்டு காஸ் அடுப்பு நினைவுக்கு வருகிறது. குமிழை மூடிவைத்துக்கொண்டு தீப்பெட்டியை உரசினால் எப்படி எரியும் என்று யோசிக்கிறாள். சமையலறையிலிருந்து ஞானம் பிறக்கிறது, மகளிர் தினத்துக்கு ஏதாவது இதழில் போட்டுவிடுவார்கள். வேண்டாம்.

இரண்டு: ராஜாங்கமே தன் தவறை உணர்ந்து, கண்கள் பனிக்க— (பார்த்தீர்களா, மறுபடியும் பனி.)

மூன்று: அமிர்தத்துக்கு எரிச்சல் வந்தது. டிவியைத் தொடாதே, ஸ்கூட்டரைத் தொடாதே, ஃபியூஸ் கட்டையைத் தொடாதே. இந்த வாயிலிருந்து அவள் கேட்ட ‘தொடாதே’க்களை எல்லாம் சேர்த்து, உள்ளங்கையால் அந்தக் குமிழின் தலையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். அது உள்ளே போய் உட்கார்ந்தது.

“ஏய்! மெமோ குடுப்பான்டி!” என்று அலறினார் ராஜாங்கம்.

அலறியவர் சுற்றும்முற்றும் பார்த்தார். காலிமனையில் இரண்டு ஆடுகள் மேய்ந்தன. மெமோ கொடுக்க யாரும் இல்லை.

“சாவியத் திருகுங்க” என்றாள் அமிர்தம்.

திருகினார். கொர்... கொர்... என்று இழுத்து, ஒரு இருமல் இருமி, கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் பிடித்தது. ஆடுகள் ஓடின.*

(* முந்தின நாள் இறக்கிவிட்ட ஆள் குமிழை இழுத்து எஞ்சினை நிறுத்தி, இழுத்தபடியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அது வெளியே இருக்கும்வரை எஞ்சினுக்கு டீசல் போகாது. அவ்வளவுதான் விஷயம். வேறு யாராக இருந்தாலும் முதல் ஐந்து நிமிஷத்தில் அதைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்.)

8

தெய்வசிகாமணி பைக்கை நிறுத்தியபோது ராஜாங்கம் மனையின் ஒரு பக்கத்தைச் சீவிக்கொண்டிருந்தார். ஒரு நியாயத்துக்காக இதையும் சொல்லிவிடுகிறேன்: ஓடுகிற வண்டியை அவருக்கு ஓட்டத் தெரியும். முன்தகடு மண்ணைத் தொட்டும் தொடாமலும் போனது. பின்னால் விரித்த பாய்போலத் தரை கிடந்தது.

“நல்லாத்தான் பண்ற. ஆஃப் பண்ணிட்டு எறங்குப்பா, பேசலாம்” என்றார் தெய்வசிகாமணி.

“ஓடட்டுங்க. ஓடிகினு இருந்தாத்தான் வண்டிக்கு நல்லது.”

“டீசல் உன்னுது. விடிஞ்சதும் ட்ரெய்லர் அனுப்பறேன். ஏத்திகினு வந்துடு. ஆனா இதே மாதிரி ஓடணும், சாக்கு சொன்னா ஆகாது.”

அவர் போனதும் செல்வகுமார் வயரைச் சுருட்டினான். நெல்லிக்குப்பத்தில் லோடு காத்திருந்தது. “நாளைக்குக் காலைல நான் வர முடியாது மாமா. நிறுத்தினா உங்க பாடு” என்று சொல்லிவிட்டு லாரியை எடுத்தான்.

நிறுத்தினால் டோசரின் செத்த பேட்டரி அதை எழுப்பாது. எழுப்பாவிட்டால் வேலை இல்லை. ராஜாங்கம் வண்டியை ஓரமாக நிறுத்தி, தகட்டைத் தரையில் இறக்கி, எஞ்சின் ஓட அப்படியே உட்கார்ந்திருந்தார். முகம் வேர்த்து வழிந்தது. சர்க்கரைக்காரர். சாப்பிடுகிற நேரம் தாண்டியிருந்தது.

‘அமிர்தத்தின் மனம் இளகி—’

இல்லை, இளகவில்லை. அவள் மேலே ஏறி வந்தாள்.

“எறங்குங்க. மாத்திரை வூட்லதான இருக்குது, போயி சாப்ட்டுப் போட்டுகினு வாங்க. நான் குந்திகினு இருக்கேன்.”

“உனக்கு இன்னா தெரியும்...”

“ஓடற வண்டில குந்தணும், அவ்வளவுதான? அத்தான நீங்களும் பண்ணிகினு இருந்தீங்க?”

ராஜாங்கம் பிடரியைச் சொறிந்தார். பிறகு இறங்கினார். கீழே நின்று அண்ணாந்து பார்த்து, “அந்தச் சிவப்ப மட்டும் தொடாத” என்றார்.

அமிர்தம் பார்த்த பார்வையை எழுத எனக்கு வரவில்லை. கல்யாணமானவர்கள் தாங்களே நிரப்பிக்கொள்ளலாம்.

9

அவள் காலையில் கட்டிவந்திருந்த தூக்குவாளியைத் திறந்தாள். சாலையில் ஒரு பஸ் பஞ்சராகி ஓரங்கட்டியது. ஜன்னலில் இருந்து யாரோ ஒரு வெட்டி ஆள் வாய்பிளந்து பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் கண்டுகொள்ளவில்லை.

நான் பார்த்தது இதோடு முடிந்தது. டீசல் விடியும்வரை வருமா, ராஜாங்கம் சாப்பிட்டுவிட்டு நேராக வருவாரா, அல்லது டீக்கடையில் தன் பெருமை பேச உட்கார்ந்துவிடுவாரா, ஒன்றும் தெரியாது.

ஒன்று மட்டும் தெரிகிறது. இருக்கைக்குக் கீழே அவளுடைய வயல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் சிவப்புக் குமிழ். இழுத்தால், இத்தனை வருஷப் பெருமையும் இந்த நிமிஷமே வாயை மூடும். கூடவே வயலும் போகும். இழுக்காவிட்டால் வயல் ஓடிக்கொண்டிருக்கும். ‘என் டோசர்’ என்கிற பேச்சும் ஓடிக்கொண்டிருக்கும்.

அவள் கடைசிக் கவளத்தை வழித்துச் சாப்பிட்டு, கையை வெளியே நீட்டிக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டாள். அந்தக் கை இப்போது சும்மா இருக்கிறது.

இங்கே ஒரு முடிவை எழுதி அணைத்துவிடலாம். ஆனால் என் பஸ் கிளம்பிவிட்டது, ஓடுகிற வண்டியை ஆளில்லாமல் விடவும் கூடாது. என் ஷிப்டு முடிந்தது, நான் இறங்குகிறேன். சங்கிலிப் பட்டையில் கால்வைத்து ஏறி வாருங்கள், இரும்பு சுடும். குமிழ் உங்கள் வலதுகைப் பக்கம்.